சுழலும் மரம், உருகும் அரக்கு

கடைசல் பிடிப்பது பாதி வேலைதான். மரக் கிண்ணத்தின் மேல் ஏறும் பூச்சுதான் அதன் விலையையும், அதைக் குழந்தை வாயில் வைக்கலாமா என்பதையும் தீர்மானிக்கிறது. ஆந்திராவின் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்று அந்தப் பாடத்தைத் திரும்பப் படித்த கதை.

மரம் சுழல்கிறது. அதன் மேல் சிவப்பு அரக்குக் குச்சி ஒன்று அழுந்துகிறது. நெருப்பு இல்லை, பிரஷ் இல்லை, டப்பாவில் கரைத்த பெயின்ட்டும் இல்லை. உராய்வில் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு இளகி, வெள்ளை மரத்தின் மேல் திட்டுத் திட்டாகப் படிகிறது. முள் சீவிய தாழை ஓலைத் துண்டு ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்து அழுத்துகிறார் கடைசல்காரர். திட்டுகள் கரைந்து ஒன்றாகி, மேடு பள்ளமெல்லாம் மறைந்து, சில விநாடிகளில் கண்ணாடிப் பளபளப்பு வந்துவிடுகிறது. சற்று முன்பு வரை விறகுக் கட்டையாக இருந்த துண்டு, இப்போது மூடியோடு கூடிய ஒரு குங்குமச் சிமிழ்.

விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில், வராக நதிக் கரையில் இருக்கிறது ஏட்டிகொப்பாக்கா. 2022-ல் ஆந்திரா மாவட்டங்களைப் பிரித்தபோது இந்த ஊர் அனகாபள்ளி மாவட்டத்துக்குப் போனது. பல தலைமுறைகளாக இங்கே நடப்பது மரக்கடைசலும் அரக்கு ஏற்றுவதும்தான். கிண்ணம், டப்பா, பம்பரம், கிலுகிலுப்பை, செட்டியார் பொம்மை, மாட்டுவண்டி, விளையாட்டுச் சமையல் பாத்திரங்கள் என்று எதை எடுத்தாலும் வழவழவென்று உருண்டை. கூர்மையான ஒரு முனையைக்கூடப் பார்க்க முடியாது. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கிய தமிழ்நாட்டுத் தலைமுறைக்கு இந்தப் பாத்திரங்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொழில் ஒன்றுதான். ஊரும் மரமும் மட்டுமே வேறு.

மரத்தின் பெயர் தெலுங்கில் அங்குடு. நம் ஊர்க்காரர்கள் இதை வெட்பாலை என்பார்கள். சோரியாசிஸுக்குத் தைலம் காய்ச்ச இலை பறிக்கிறார்களே, அதே மரம். கன்னடத்தில் ஆலெ மரம், இந்தியில் தூதி. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் பொம்மை கடைவதும் இதே மரத்தில்தான். நூற்றுக்கணக்கான மைல்கள் தள்ளியிருக்கும் கடைசல்காரர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, ஒரே மரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இதன் கட்டை கிட்டத்தட்ட தந்த நிறத்தில் இருக்கும். எனவே மேலே ஏறும் நிறம் மங்காமல் அப்படியே தெரியும். ரேகை மிக நெருக்கமானது. உளி பட்டால் சிம்பு சிம்பாகப் பிய்யாமல் வெண்ணெய் போலச் சீவிக்கொண்டு வரும். தேக்கில் இருப்பது போன்ற பெரிய துளைகள் இல்லாததால், அரக்கு உள்ளே இறங்கிப் பள்ளம் விழாமல் மேலேயே ஒரே சீராக நிற்கும்.

ஒரு குறை உண்டு. வெட்பாலை பெரிய மரமாக வளர்வதில்லை. தண்டு ஒல்லி. ஆகவே இதில் கடையும் கிண்ணமும் உள்ளங்கை அளவைத் தாண்டுவது அபூர்வம். பெரிய பழக் கிண்ணம் வேண்டும் என்று கேட்கும் நகரத்து வாடிக்கையாளருக்கு வேறு மரத்தைத்தான் தேட வேண்டும்.

வெட்டி வந்த கட்டையை உடனே கடைய முடியாது. ஈரம் வற்ற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிழலில் கிடத்த வேண்டும். அவசரப்பட்டுக் கடைந்தால், மூடி பொருந்திய டப்பா ஒரு கோடைக்குப் பிறகு திறக்காது, அல்லது மூடாது. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம். அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்த பின் முட்டை வடிவமாகிவிடும் மர்மம் இதில்தான் இருக்கிறது.

காய்ந்த துண்டைச் சுத்தியலால் தட்டி, சுழலும் அச்சின் முனையில் இருக்கும் குழிக்குள் இறுக்குகிறார்கள். மறுமுனை பிடிப்பில்லாமல் வெளியே நிற்பதால், அந்தப் பக்கத்திலிருந்து உளியை உள்ளே விட்டுக் குடைந்து கிண்ணமாக்க முடிகிறது. ஒரு காலத்தில் அச்சைச் சுழற்ற வில்லில் கட்டிய கயிறுதான். ஒருவர் முன்னும் பின்னும் இழுக்க, இன்னொருவர் உளியைப் பிடிப்பார். பெரும்பாலும் இது ஒரே குடும்பத்து வேலையாகவே இருந்தது. மின்சார மோட்டார் வந்து இழுப்பவரை விடுவித்தது, வேகமும் கூடியது. ஆனால் உளியின் கோணத்தையும், எந்த நொடியில் கையை எடுக்க வேண்டும் என்பதையும் மோட்டார் சொல்லித் தருவதில்லை. அளவுகோலை அடிக்கடி வைத்துப் பார்க்கும் பழக்கம் தேர்ந்த கடைசல்காரரிடம் கிடையாது. மூடியும் டப்பாவும் கண் மதிப்பில் கடைந்தவைதான். போட்டால் காற்று பிதுங்கும் சத்தத்தோடு உட்காரும்.

இதெல்லாம் பாதி வேலை. மீதி, பூச்சு.

அரக்கு ஒரு பூச்சியின் கொடை. குசும், பலாசு, இலந்தை மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஊசிமுனை அளவுப் பூச்சிகள், தம்மைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் பிசின் கூடுதான் அரக்கு. லட்சக்கணக்கில் பூச்சிகள் மொய்ப்பதால்தான் வடமொழியில் இதற்கு லாக்ஷா என்று பெயர் வந்ததாகச் சொல்வதுண்டு. நாட்டில் அதிகம் விளைவது ஜார்க்கண்டில். ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-லேயே இதற்கென ஓர் ஆராய்ச்சிக் கூடம் தொடங்கப்பட்டது. துரியோதனன் கட்டிய மாளிகை முதல் தாத்தா காலத்து இசைத்தட்டு வரை அரக்கு நுழையாத இடமில்லை. 1940-களின் இறுதியில் வினைல் வரும்வரை கிராமபோன் தட்டுகளில் பாட்டைத் தாங்கியதும், பழைய பீரோக்களின் பிரெஞ்ச் பாலிஷில் மின்னியதும், மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சாக இன்றும் வயிற்றுக்குள் போவதும் அதேதான். சுத்தமான அரக்கால் குழந்தைக்கு ஆபத்தில்லை.

ஆபத்து வந்தது அரக்கில் கலந்த நிறத்தில்.

பழைய நாட்களில் அரக்கோடு சேர்ந்தது செடி கொடிகளின் சாயம். மலிவான ரசாயனச் சாயங்கள் பொட்டலமாகக் கடைக்கு வந்ததும், நாடெங்கும் உள்ள கைவினைத் தொழில்களைப் போலவே கடைசல் ஊர்களும் அவற்றுக்கு மாறின. மாறியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பத்து நாள் ஊறவைத்து வடித்து உலர்த்த வேண்டிய மஞ்சள், பொட்டலத்தைப் பிரித்தால் கிடைக்கிறது. நிறமும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் பளிச்சென்ற மஞ்சள் நிறமிகளில் பெயர்பெற்ற ஒன்று லெட் குரோமேட். அதில் இருப்பது ஈயமும் குரோமியமும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதும், கைக்குக் கிடைப்பதையெல்லாம் குழந்தை வாயில்தான் வைத்துப் பார்க்கும் என்பதும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய உண்மைகள் அல்ல. வீடுகளுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி வகுத்ததே 2016-ல்தான்.

ஏட்டிகொப்பாக்காவில் இந்தப் போக்கைத் திருப்ப முயன்றவர் அந்த ஊர்க்காரரான சி.வி. ராஜு. கைவினைஞர்களைப் பத்மாவதி அசோசியேட்ஸ் என்ற பெயரில் ஒன்றுசேர்த்து, மறந்துபோன செடிச் சாயங்களை மறுபடி அரக்குக்குள் கொண்டுவரும் சோதனைகளில் இறங்கினார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தக் காரியத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. மஞ்சளும் மஞ்சிட்டியும் துணிக்குச் சாயம் போடப் பயன்பட்டவை. துணிச் சாயம் தண்ணீரில் கரையும். அரக்கோ தண்ணீரோடு சேராது. எனவே வேரையும் பட்டையையும் விதையையும் காய்ச்சி இறக்கிய சாற்றை முதலில் உலர்ந்த பொடியாக்கியாக வேண்டும். பிறகு அந்தப் பொடியைக் கரி நெருப்பில் இளக்கிய அரக்கில் சேர்த்து, ஜவ்வு மிட்டாய் இழுப்பதுபோல இழுத்து மடித்து, மறுபடி இழுத்து, தட்டித் தட்டி நிறம் சீராகும்வரை பிசைய வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினால் மஞ்சள் பழுப்பாகும். குறைந்தால் பொடி கலக்காமல் புள்ளி புள்ளியாக நிற்கும்.

அவுரியிலிருந்து நீலம், ஜாப்ரா விதையிலிருந்து ஆரஞ்சு, நீலத்தையும் மஞ்சளையும் கலந்து பச்சை, அரக்குப் பூச்சியிடமிருந்தே ஒரு சிவப்பு என்று நிறங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ரசாயன நிறங்கள்போல இவை கண்ணைப் பறிப்பதில்லை. ஒரு தடவை செய்த பச்சை அடுத்த தடவை அதே பச்சையாக வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஆயிரம் கிண்ணத்துக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கடைக்காரருக்கு இது குறை. ஒரே ஒரு கிண்ணம் வாங்குபவருக்கு இதுதான் அழகு. ஊருக்குப் பெயர் வந்தது. 2017-ல் ஏட்டிகொப்பாக்கா பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜுவையும் ஊரையும் குறிப்பிட்டார். 2023-ல் ராஜுவுக்கு பத்மஸ்ரீ. 2025 குடியரசு தின அணிவகுப்பில் ஆந்திராவின் அலங்கார ஊர்தியாகவே இந்தப் பொம்மைகள் டெல்லி ராஜபாதையில், இப்போதைய பெயரில் கர்தவ்ய பாதையில், ஊர்வலம் போயின.

விருதுகள் ஒரு பக்கம் இருக்கட்டும். கடையில் பொம்மை வாங்கும் தாய்க்கு எந்தச் சாயம் என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு அரசிடம் இருக்கும் விடை விசித்திரமானது. தரம் குறைந்த இறக்குமதிப் பொம்மைகளைத் தடுக்க மத்திய அரசு 2020 பிப்ரவரியில் சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது. 2023-ல் அது 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கவே கூடாது என்ற ஆணையும் அமலுக்கு வந்தது. ஆணை அப்படியே அமலாகியிருந்தால், வீட்டுத் திண்ணையில் லேத் போட்டிருக்கும் கடைசல்காரர் ஆய்வுக்கூடம் வைத்து உரிமம் வாங்க வேண்டியிருந்திருக்கும். அதாவது, தொழிலை மூடியிருக்க வேண்டியிருக்கும். நல்ல வேளையாக, பதிவு செய்துகொண்ட கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. தொழில் பிழைத்தது. ஆனால் அந்த விலக்கால் இன்னொன்றும் நடந்தது: மஞ்சளைக் காய்ச்சிச் சாயம் எடுப்பவரும், பொட்டலச் சாயம் கலப்பவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஊர்ப் பெயரைக் காக்கும் பதிவு, ஒவ்வொரு டப்பாவின் நிறத்தையும் கீறிப் பார்ப்பதில்லை. உழைப்பு அதிகம் போட்டவர் கூடுதல் விலை சொல்லும்போது, அதற்கு ஆதாரமாகக் காட்ட அவரிடம் இருப்பது வாய்ச்சொல் மட்டுமே. கைவினைஞருக்குச் செலவில்லாமல், அவர் செய்த அரக்குக் குச்சியை அரசே சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு ஒன்றும் பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. குச்சியைச் சோதித்துவிட்டால் அதிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சோதித்ததாகிவிடும்.

ஏட்டிகொப்பாக்காவைவிடப் பெரிய பெயர் கர்நாடகத்தின் சன்னபட்டணாவுக்கு. பெங்களூருவிலிருந்து மைசூருக்குப் போகும் பழைய சாலையில், சுமார் 60 கிலோமீட்டரில் வரும் இந்த ஊரைக் கன்னடத்தில் பொம்மைகளின் ஊர் என்றே அழைக்கிறார்கள். திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கடைசல்காரர்களை வரவழைத்தார் என்பது இங்கே குழந்தைகூடச் சொல்லும் கதை. புவிசார் குறியீட்டை ஏட்டிகொப்பாக்காவுக்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாக முந்தியே பெற்றுவிட்ட ஊர் இது. வெட்பாலையோடு ரப்பர் மரமும் இங்கே கடைசலுக்கு வருகிறது. வியாபாரம் நடந்தது சாலையோரக் கடைகளில். மைசூருக்குப் போகும் கார்கள் காபிக்கு நிற்கும், குழந்தை அடம்பிடிக்கும், ஒரு ரயில்வண்டி விலைபோகும். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட விரைவுச்சாலை ஊருக்கு வெளியே புறவழியாகப் போய்விட்டது. பயணம் சுருங்கியதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஈயம் கலந்த சாயத்தாலும் வராத நஷ்டம், நல்ல தார்ச்சாலையால் வந்துவிட்டது கடைக்காரர்களுக்கு.

இரண்டு ஊர்களுக்கும் பொதுவான கவலை, மரம். அங்குடு தோட்டப் பயிர் அல்ல; அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்தும் மலையடிவாரங்களிலிருந்தும் வருவது. வெட்பாலைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வேரோடு சாய்க்காமல் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். சில ஆண்டுகள் காத்திருந்தால் கடைசலுக்கு ஏற்ற கிளை கிடைத்துவிடும். தரிசிலும் வளரும். ஆனால் யாராவது நட வேண்டும், யாராவது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு இன்றைய கடைசல்காரரின் மகன் தயாரா என்பது வேறு கேள்வி. விசாகப்பட்டினத்துத் தொழிற்சாலைகளும் பெங்களூருவின் வேலைகளும் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன.

இதற்கு நேர்மாறான ஊர்வலமும் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. பெருநகரங்களில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்காருபவர்கள் சிலர், வார இறுதியில் மொட்டை மாடி அறையில் மேஜை மேல் வைக்கும் சிறிய லேத்தில் கிண்ணம் கடைகிறார்கள். தகப்பனிடம் கற்க வாய்ப்பிருப்பவர் விட்டுவிட்டுப் போகும் தொழிலை, வாய்ப்பில்லாதவர் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார். இவர்களுக்கு மரம் காட்டிலிருந்து வருவதில்லை. புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி, வீடு கட்ட வெட்டிய மா, பக்கத்து வீட்டு வேம்பு. தண்டு பெரியது, எனவே கிண்ணமும் பெரியது. மரத்தைக் குறுக்காகப் பிடித்துக் கடைவதால், ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை ரேகைக்கு எதிராகப் பாயும். உளியில் கூர் குறைந்திருந்தால் அந்த இரண்டு இடங்களும் பிய்ந்து சொரசொரவென்று காட்டிக்கொடுத்துவிடும். உப்புத்தாளை எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. மறுபடி உளி தீட்டுவது ஒன்றே வழி.

ஈர மரத்தில் கடைபவர்கள் முதலில் கனமாக, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் வைத்துக் கடைந்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, கோணியதை மறுபடி லேத்தில் மாட்டி வட்டமாக்குவது வழக்கம். கட்டையின் நடுத்தண்டு கிண்ணத்துக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். முகமூடி அவசியம்: மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1995-லேயே சேர்த்துவிட்டது. துப்பட்டாவும் தொளதொள சட்டையும் லேத் பக்கமே போகக் கூடாது.

பொழுதுபோக்காகக் கடைபவரும் கடைசியில் வந்து நிற்பது அதே பூச்சுக் கேள்வியில்தான். கிண்ணம் அலமாரிக்கா, சாப்பாட்டுக்கா? வீட்டுப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் அதிகம். அது காயாத எண்ணெய். பிசுபிசுப்பாகவே இருந்து தூசியைச் சேர்க்கும், நாளானால் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகும் வகை. மெல்லிய பூச்சாகத் தடவி, துடைத்து, வாரக்கணக்கில் விட்டு மறுபடி தடவ வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில், சீக்கிரம் உலர்வதற்காகப் பெரும்பாலும் உலோகச் சேர்க்கைகள் கலந்திருக்கும். ஜன்னலுக்கு அடிக்கலாம், சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு வேண்டாம். சுத்தமான அரக்கு உலர்ந்த தின்பண்டத்துக்கு ஏற்றது. முந்திரி, பேரீச்சை, மிட்டாய் வைக்கலாம்.

சூடான ரசத்தை மட்டும் ஊற்றக் கூடாது. 70, 80 டிகிரிச் சூட்டில் அரக்கு இளகும். ஈரமும் சூடும் சேர்ந்தால் வெள்ளை வளையம் விழும். ஸ்பிரிட் பட்டால் கரைந்தே போகும். சாயம் போட்ட கிண்ணம் அரக்குதானா, வெறும் பெயின்ட்டா என்று பார்க்க விரும்புகிறவர்கள் அடிப்பக்கத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்ப்பதும் இதனால்தான். அரக்கானால் பஞ்சில் ஒட்டும், ஆனால் அதில் கலந்த மஞ்சள் எந்த மஞ்சள் என்பதைப் பஞ்சு சொல்லாது. வளையம் விழுந்த கிண்ணத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கடைந்தவரிடமே கொண்டுபோனால், மறுபடி லேத்தில் மாட்டி, அதே நிற அரக்குக் குச்சியை ஒரு தரம் காட்டி, தாழை ஓலையால் ஒரு இழுப்பு இழுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.